டேட்டா கவர்னன்ஸ் ‘அப்கிரேடு’ என்று வருகிறார்களா? பச்சை விளக்கைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

சேலம், நாமக்கல் பக்கம் நடுத்தரக் கம்பெனிகளில் ஐ.டி. பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டேட்டா கவர்னன்ஸ், அதாவது கம்பெனித் தரவு எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது என்று கண்காணிக்கும் ஏற்பாட்டை ‘அப்கிரேடு’ செய்கிறோம் என்று எங்களிடம் வந்தவர்கள் அடுத்து உங்கள் வாசலுக்கும் வரக்கூடும்.

எங்களுக்கு ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் காபி எஸ்டேட், ஓமலூர் ரோட்டில் ஹெட் ஆபீஸ். எந்த டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, எதில் யாருடைய விவரம் கிடக்கிறது என்று காட்டும் ஒரு கேட்டலாக் வைத்திருந்தோம். சோர்ஸை, அதாவது தரவு இருக்கும் இடத்தை, கையால் பதிவோம்; உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கும் ஸ்கேன் வாரம் ஒருமுறை ஓடும். மெதுவான வேலை, ஆனால் நம்பலாம்.

வந்தவர்கள் பேசியதே வேறு. இனி பதிவு தானாக நடக்குமாம், ராத்திரி பகல் கண்காணிப்பாம், ஸ்கேன் நின்றால் உடனே மெயில் வருமாம். கூடவே ஒரு பயமுறுத்தல்: “தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு சார், 250 கோடி ஃபைன்.” சட்டம் 2023-இல் வந்தது உண்மை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதும் உண்மை. ஆனால் விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில்தான்; கம்பெனிகள் செய்ய வேண்டிய பெரும்பாலான காரியங்களுக்கு 18 மாத அவகாசம் உண்டு. அதை அவர்கள் வாயே திறக்கவில்லை. 250 கோடி என்று கேட்டதும் எங்கள் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வேலை முடிந்தது என்று காட்டிய அன்று டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. சோர்ஸ் எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. “உங்களுக்கே தெரியாத சோர்ஸையெல்லாம் கண்டுபிடிச்சிருக்கு சார்” என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், பழைய பதிவில் ஐ.பி. முகவரியால் இருந்த அதே சர்வர், புதியதில் ஹோஸ்ட் பெயரால் இன்னொரு சோர்ஸாக உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரி கேட்டலாக்குகள் சோர்ஸை அதன் முழுப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காணும். பெயர் மாறினால் அதற்கு அது வேறு ஆள். நாங்கள் உட்கார்ந்து எழுதிய பொறுப்பாளர் பெயர், விளக்கம், குறிச்சொல் எல்லாம் பழைய பதிவிலேயே தங்கிவிட, புதியது மொட்டையாக நின்றது. பில் மட்டும் சோர்ஸ் கணக்குக்கு. ஒரே மாட்டுக்கு இரண்டு கொம்பிலும் தனித்தனியாகச் சுங்கம்!

அடுத்தது ஆதார். விவசாயிகளுக்கு மரவள்ளிக் கிழங்குக்குப் பணம் போடும் டேபிளில் ஆதார் எண் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனையும்? இவர்கள் எழுதிய விதி ‘12 இலக்கம் தொடர்ந்து வந்தால் ஆதார்’ என்பது மட்டுமே. எங்கள் மூட்டை லாட் நம்பரும் 12 இலக்கம். ஆகவே ஜவ்வரிசி மூட்டைகளுக்கெல்லாம் ஆதார் முத்திரை! விவசாயிகளின் ஆதாரை நாங்கள் நான்கு நான்காக இடைவெளி விட்டு வைத்திருந்ததால் அது சுத்தமாகத் தப்பிவிட்டது. ஆதார் 0, 1-இல் தொடங்காது, கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் (மற்ற 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது). இந்த இரண்டையும் விதியில் சேர்த்து, இடைவெளியையும் நீக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் தீர்ந்தது.

ஏற்காடு எஸ்டேட் கம்ப்யூட்டர்தான் உச்சம். அங்கே ஸ்கேனை ராத்திரி இரண்டு மணிக்கு வைத்திருந்தார்கள். எஸ்டேட் ரைட்டரை, அதாவது கணக்கரை, போனில் கேட்டேன். “அண்ணா, சாயங்காலம் பூட்டும்போது மெயினையே ஆஃப் பண்ணிட்டுத்தான் போவோம். இடி விழுற ஊரு, தெரியாதா உங்களுக்கு?” என்றார். அணைந்து கிடக்கிற கம்ப்யூட்டரை எந்த ஸ்கேன் மென்பொருளும் ஸ்கேன் செய்யாது. ஆனாலும் டேஷ்போர்டில் பச்சை! தோண்டினால், பச்சைக்கு அர்த்தம் ‘சோர்ஸ் பதிவாகியிருக்கிறது’ என்பதுதான்; கடைசியாக எப்போது ஸ்கேன் முடிந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தோல்வி மெயில்கள் ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன, அவர்கள் கம்பெனியில் வேலையை விட்டுப்போன ஒருவரின் பெட்டிக்கு.

ஸ்கேனுக்கென்று டேட்டாபேஸில் முழு அட்மின் உரிமை வேறு வாங்கி வைத்திருந்தார்கள். படிக்கும் உரிமை கொண்ட தனிக் கணக்கு ஒன்று இதற்குத் தாராளம். அன்றைக்கே பிடுங்கினோம்.

யாராவது இப்படி டெமோ காட்டினால் இதைச் செய்து பாருங்கள். ஏதாவது ஒரு டேபிளில் அர்த்தமில்லாத பெயரில் ஒரு நெடுவரிசை (column) சேர்த்துவிட்டு, அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு கேட்டலாக்கில் அது வருகிறதா என்று தேடுங்கள். பிறகு ஸ்கேன் கணக்கின் பாஸ்வேர்டை வேண்டுமென்றே மாற்றுங்கள். ஸ்கேன் தோற்றதும் எச்சரிக்கை மெயில் உங்கள் பெட்டிக்கு வரவேண்டும், அவர்கள் பெட்டிக்கு அல்ல. எங்கள் இடத்தில் இரண்டுமே நடக்கவில்லை. கேட்டதற்கு, “அது ஃபேஸ் டூ சார், தனி கொட்டேஷன்” என்றார்கள்.

மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். இரட்டைப் பதிவுகளை நீக்கி, பழைய விளக்கங்களைப் புதியதற்கு மாற்றித் தந்தால்தான் பாக்கி என்று எழுத்தில் அனுப்பியாகிவிட்டது. வக்கீல் பேச்சு ஓடுவதால் பெயர் போடவில்லை. கொட்டேஷன் கையில் இருப்பவர்கள் ‘சோர்ஸ்’ என்றால் சர்வரா, டேபிளா, பதிவா என்று அந்த வரிக்குக் கீழேயே எழுதி வாங்குங்கள்.