மாமல்லபுரத்துல துர்க்கை சிலை செஞ்சு வாங்கின அனுபவம்

அஞ்சு ரதம் போற ரோட்டுல ஒரு சின்ன சிற்பப் பட்டறை, அங்கதான் கருங்கல்லுல ஒரு அடி உயரத்துக்கு துர்க்கை ஆர்டர் கொடுத்தோம். பூஜைக்கு இல்ல, ஹால்ல வைக்க.

அம்மன் சிலைன்னா எனக்கு முகம்தான் எல்லாமே. பாதி கடையில துர்க்கைன்னாலே கண்ணை உருட்டிக்கிட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறா. ஆனா அதே ஊர்ல மகிஷாசுரமர்த்தினி குகையில பல்லவர் காலத்துல, 7ம் நூற்றாண்டுல செதுக்கினதைப் போய் பாருங்க, எட்டுக் கையோட சிங்கத்து மேல உக்காந்து வில்லை இழுக்கறா, முகத்துல துளி ஆத்திரம் கிடையாது, எதிர்ல எருமைத் தலையோட மகிஷன் கதாயுதத்தைப் புடிச்சுக்கிட்டு பின்னாடி சாயறான், உருவத்துல அவன்தான் பெருசு, ஆனா யார் ஜெயிக்கப் போறாங்கன்னு பார்த்த உடனே தெரிஞ்சிடுது. சக்தின்னா அப்படி அமைதியா இருக்கணும்.

அந்த முகம்தான் வேணும்னு சொன்னதுமே சிற்பிக்கு புரிஞ்சிடுச்சு, போட்டோகூட கேக்கல. ரெண்டு மூணு கல்லை சுத்தியால தட்டி காட்டினாரு. மணி அடிக்கற மாதிரி கணீர்னு கேட்டா ஆண் கல்லு, சாமிக்கு. வெண்கலத் தாளம் தட்டற மாதிரி சத்தம் வந்தா பெண் கல்லு, அம்மனுக்கு. சத்தமே எழும்பாதது நபும்சகக் கல்லு, அதாவது ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, அது அடித்தளத்துக்குப் போயிடுமாம். ஹால்ல வைக்கற சிலைதானேன்னு விடாம பெண் கல்லாத்தான் எடுத்தாரு, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். கண்ணை மட்டும் கடைசிக்கு வெச்சிருந்து, தண்ணி தெளிச்சுத் தொடச்சுட்டு நுனி உளியால மெதுவா மெதுவா இமைக் கோடு போட்டாரு, அதுவரைக்கும் கல்லா இருந்தது அப்பதான் அம்மன் ஆச்சு.

குறைன்னா, பீடத்துக்குப் பின்னாடி கிரைண்டர் ஓட்டின தடம் அப்படியே தெரியுது, சங்கு சக்கரத்துல இன்னும் நுணுக்கம் இருந்திருக்கலாம். சொன்ன தேதிக்கும் வரல. விலையும் கம்மி இல்ல, ஆனா கை வேலைக்கு நியாயம்தான். வேற கடையில சுலபமா கீறல் விழற மாக்கல்லுக்கு கருப்பு பூசி கருங்கல்லுன்னு காட்டினாங்க, ஒரு காசால கீறிப் பார்த்தாலே தெரிஞ்சிடும், கேட்டு வாங்குங்க.

ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி வராக மண்டபத்துல யானை நீராட்டற கஜலட்சுமியையும், திரௌபதி ரதத்துக்குள்ள தன் தலையையே அறுத்துக் கொடுக்க வர்ற பக்தனோட நிக்கற கொற்றவையையும் பாத்துட்டுப் போங்க, எந்த அம்மன் வேணும்னு சிற்பிகிட்ட தெளிவா சொல்ல முடியும். நாங்க அடுத்து கஜலட்சுமிக்கு இதே பட்டறையிலதான் அட்வான்ஸ் கொடுத்திருக்கோம்.