பி.எஸ்சி நர்சிங் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், அது பி.எஸ்சி-யே இல்லை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே எங்களுக்கு ஒரு போன் வந்தது. "உங்க பொண்ணு 398 மார்க்காமே சார், நர்சிங் சேக்கறீங்களா?" என்று கேட்டார் ஒருவர். மார்க் எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. நம் பிள்ளையை விசாரித்து ஒருத்தர் பேசுகிறாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி போன் வந்திருக்கும், அல்லது வரப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். படிக்கப் போனது என் தங்கச்சி மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடும் பிள்ளை. மாப்பிள்ளை குவைத்தில் டிரைவர் வேலை. தாய்மாமன் என்ற முறையில் காலேஜ் விசாரிப்பது, பணம் கட்டுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் நான்தான் செய்தேன். தங்கச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நீ பாத்தா சரியாத்தான்ணே இருக்கும்" என்று சொல்லி, மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்துப் பணத்தைக் கையில் கொடுத்தாள்.

போனில் பேசியவர் எங்களை அழைத்துப் போன இடம், காவிரிக்கரையில் ஓர் ஊரின் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சுவரில் இரண்டு சர்டிபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. 'அரசுப் பதிவு பெற்றது' என்று பெரிய எழுத்து. பின்னால்தான் தெரிந்தது, ஒன்று சார்பதிவாளர் ஆபீசில் அறக்கட்டளை பதிவு செய்த எண், இன்னொன்று சிறுதொழிலுக்கு மத்திய அரசு கொடுக்கும் உத்யம் பதிவு. இரண்டும் உண்மையான காகிதம்தான். நர்சிங் படிப்பு நடத்துவதற்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"இது பி.எஸ்சி நர்சிங்தானே?" என்று நான் கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஆமா சார். ஃபர்ஸ்ட் இயர் நம்மகிட்ட டிப்ளமோவா போகும், செகண்ட் இயர்ல யுனிவர்சிட்டில பி.எஸ்சிக்கு நேரா சேத்துருவோம். லேட்டரல் என்ட்ரி. கவுன்சிலிங்ல போனா இந்த மார்க்குக்குக் கிடைக்காது."

இன்ஜினியரிங்கில் டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருடம் சேருவது நமக்குத் தெரியும். அதே போலத்தான் இதுவும் என்று நினைத்துவிட்டேன். பி.எஸ்சி நர்சிங்கில் அப்படி ஒரு வழியே இல்லை. நான்கு வருடம், எட்டு செமஸ்டர், முதல் நாளிலிருந்து படித்தால்தான் அந்தப் பட்டம். மூன்று வருட ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமோ முடித்து, நர்ஸாகப் பதிவும் செய்தவர்களுக்கு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி என்று இரண்டு வருடப் படிப்பு தனியாக இருக்கிறது. அது வேறு. இவர்களைப் போல மாடிக்கு மாடி நடத்தும் ஹெல்த் அசிஸ்டன்ட் டிப்ளமோவை வைத்துக்கொண்டு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பி.எஸ்சி நர்சிங் இரண்டாம் வருடத்துக்குள் நுழைய முடியாது.

அந்த டிப்ளமோ படித்தவர்கள் செய்யும் நர்சிங் அசிஸ்டன்ட் வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள அவர்கள் இல்லாமல் முடியாது. அதை அந்தப் பெயர் சொல்லி, அதற்கான பணம் வாங்கிச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வருத்தமில்லை. எங்களிடம் பி.எஸ்சி என்று சொல்லி, பி.எஸ்சி-க்கான பணம் வாங்கினார்கள்.

சேரும்போது 35,000. யூனிஃபார்ம், புத்தகம் என்று 12,000. தீபாவளிக்கு முன்னால் இரண்டாம் தவணை 35,000. ஆக 82,000 ரூபாய். ரசீதை அன்றைக்கு மடித்துப் பையில் வைத்துக்கொண்டதோடு சரி. பிறகு எடுத்துப் பார்த்தபோது, மேலே ஒரு அறக்கட்டளையின் பெயர், நடுவில் 'நன்கொடை' என்று அச்சடித்த எழுத்து, அதற்கு நேரே என் பெயர். படிப்பின் பெயர் இல்லை, வருடம் இல்லை, மாணவியின் பெயரே இல்லை. நான் என் இஷ்டத்துக்கு யாருக்கோ தானம் கொடுத்த மாதிரி இருந்தது.

வகுப்பு எப்படி நடந்தது என்பதைப் பாப்பா அப்போது முழுசாகச் சொல்லவில்லை. மாமா கஷ்டப்பட்டுச் சேர்த்துவிட்டாரே என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். காலையில் இரண்டு மணி நேரம் ஜெராக்ஸ் நோட்ஸ். அப்புறம் நேராக ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில். டிரெய்னிங் என்று பெயர். பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைப்பது, பெட் விரிப்பது, மருந்துக் கடைக்கு ஓடுவது, வாரத்தில் மூன்று நாள் நைட் டூட்டி. அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்த மாதிரியே தெரியவில்லை என்றாள். எல்லாம் இந்தப் பிள்ளைகள்தான்.

மூன்றாவது வாரத்திலேயே டிரிப்ஸ் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒரு ராத்திரி, எங்கள் பக்கத்து ஊர் பெரியவர் ஒருத்தருக்குக் கை புசுபுசுவென்று வீங்கியிருக்கிறது. ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது இவளுக்குத் தெரியவில்லை. பெரியவர் வலிக்கிறது என்று சொன்னபோது, "தூங்குங்க தாத்தா, சரியாயிடும்" என்று தைலம் தடவிவிட்டிருக்கிறாள். விடியற்காலையில் டாக்டர் வந்துதான் கழற்றினார். பெரியவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது பாப்பா அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது. அந்தத் தவறு அவளுடையது இல்லை. ஒன்றுமே சொல்லித்தராமல் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை நோயாளி பக்கத்தில் நிறுத்தியவர்களுடையது.

டிசம்பரில் பரீட்சை வைத்தார்கள். ஹால் டிக்கெட்டில் இன்ஸ்டிட்யூட் பெயர் மட்டும் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கேயும் இல்லை. கேள்வித்தாளும் ஜெராக்ஸ்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஒரு பெண் ஊருக்கு வந்திருந்தது. மதுரை அரசு செவிலியர் கல்லூரியில் பி.எஸ்சி படிக்கிற பிள்ளை. மாட்டுப்பொங்கல் அன்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பாப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டது. "உன் ரெஜிஸ்டர் நம்பர் வந்துடுச்சா? அனாட்டமி, ஃபிசியாலஜி எப்படி எழுதின?"

பாப்பா முழித்தாள். முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம், நர்சிங் ஃபவுண்டேஷன் இருக்கும் என்று அந்தப் பெண் விரல் விட்டு எண்ணியது. இதில் ஒரு பாடத்தின் பெயரைக்கூட இவள் கேள்விப்படவில்லை. அந்தப் பெண் தன் வீட்டுக்குப் போய் தன் லாக் புக்கை எடுத்து வந்து காட்டியது. எந்த நோயாளிக்கு என்ன செய்தாள், எந்தத் தேதியில், யார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து. "வகுப்புக்கு 80 சதவீதம் வருகை இல்லாட்டி பரீட்சை எழுத முடியாது மாமா. வார்டு போஸ்டிங்குக்கு 100 சதவீதம் வேணும். ஒரு நாள் விட்டாலும் அதை ஈடு கட்டினாதான் டிகிரி கொடுப்பாங்க" என்றது. அந்த நோட்டைப் புரட்டப் புரட்டத்தான் நாங்கள் எங்கே மாட்டியிருக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது.

அன்று ராத்திரியே அந்தப் பெண்ணின் உதவியோடு பார்த்தோம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி நர்சிங் நடத்தும் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைத் தவிர்த்தால், சென்னை கிண்டியில் இருக்கிற தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்க வேண்டும். இணைந்த கல்லூரிகளின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. இந்தப் பெயர் அதில் இல்லை. ஐந்து நிமிட வேலை. ஜூன் மாதம் செய்திருக்க வேண்டியதை ஜனவரியில் செய்தேன்.

இன்னொன்றும் அன்றுதான் படித்தேன். பி.எஸ்சி நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. காலேஜ் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டு அதைப் போய்ப் பாருங்கள். வார்டுக்குள் நடந்து கட்டிலை எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் போய்க் கேட்டபோது, "அப்ரூவல் ப்ராசஸ்ல இருக்கு சார், மார்ச்ல வந்துரும்" என்றார்கள். சரி, பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கொடுங்கள் என்றேன். அப்போதுதான் முகம் மாறியது. மீதி வருடங்களின் பணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பணம் போனதைவிட இதுதான் என்னைக் கலங்க வைத்தது. ஒரிஜினல் இல்லாமல் பிள்ளையை வேறு எங்கேயும் சேர்க்க முடியாது. சேர்ந்த மாணவர்களின் அசல் சான்றிதழ்களை உயர்கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது. முறையான கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது, கல்லூரியே இல்லாத ஒரு மாடிக்கு எங்கிருந்து வரும்?

மூன்று தடவை அலைந்தேன். நான்காவது தடவை அங்கே போகவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமானதால் நாகப்பட்டினம் வரை போக வேண்டியிருக்கவில்லை, அந்த அளவில் நிம்மதி. மனுவோடு ரசீது நகல், ஹால் டிக்கெட் நகல், போனில் வந்த மெசேஜ்களின் பிரின்ட் எல்லாம் வைத்தேன். அந்த மெசேஜ் ஒன்றில்தான் 'பி.எஸ்சி நர்சிங் அட்மிஷன்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ரசீதில் நன்கொடை என்று இருந்தாலும், எதற்காகப் பணம் வாங்கினார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. காவல் நிலையத்திலும் புகார் கொடுத்தேன். மார்ச் கடைசியில் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பணத்தில் 20,000 வந்தது. மீதி 62,000 வரவில்லை. சங்கிலியை சம்பா அறுவடைக்குப் பிறகு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணத்தில்தான் மீட்டோம்.

கவுன்சிலிங்கில் கிடைக்காது என்று பயமுறுத்தினார்களே, அதையும் சொல்கிறேன். பி.எஸ்சி நர்சிங்குக்கு நம் மாநிலத்தில் நீட் கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அந்த மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40. சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் வாங்குவது மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு. அரசுக் கல்லூரி இடங்கள் மட்டுமல்ல, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் அதே விண்ணப்பத்தில்தான் வருகின்றன. 398 மார்க்குக்கு அரசுக் கல்லூரி கிடைக்கவில்லைதான். ஆனால் அடுத்த வருடம் அதே பழைய மார்க்கை வைத்து விண்ணப்பித்து, பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. புரோக்கர் இல்லை, நன்கொடை இல்லை. முதல் வருடமே இதைச் செய்திருந்தால் பிள்ளை இப்போது மூன்றாம் வருடத்தில் இருப்பாள். இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள்.

அறிவியல் குரூப் எடுக்காத பிள்ளைகளிடமும் இந்த மாடிக்காரர்கள் பி.எஸ்சி என்றுதான் சொல்கிறார்கள். பாப்பாவோடு படித்த பத்தொன்பது பேரில் ஆறு பேர் காமர்ஸ். அவர்களுக்கு பி.எஸ்சி நர்சிங் வாசலே திறக்காது. ஜி.என்.எம்.-க்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப்பும் போகலாம், ஆங்கிலம் இருக்க வேண்டும், 40 சதவீதம் வேண்டும். அதை அந்தப் பிள்ளைகளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

துபாய் வேலை என்று ஆசை காட்டினால் இதை யோசியுங்கள். படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மகப்பேறு செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் இங்கே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலம் அரசு வேலைக்கும் போக முடியாது, வெளிநாட்டில் நர்ஸ் லைசென்சும் கேட்க முடியாது. மாப்பிள்ளை குவைத்தில் தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் விசாரித்தார். அவர் முதலில் கேட்டதே "கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கா?" என்பதுதான்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமலும் இருக்காதீர்கள். எங்களோடு ஏமாந்த பத்தொன்பது குடும்பத்தில் மனு கொடுத்தது நான்கு பேர்தான். இன்னும் பத்துப் பேர் சேர்ந்து வந்திருந்தால் பணமும் திரும்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். செல்போன் கடைக்கு மேலே போர்டு மாறியிருக்கிறது. புதுப் பெயர், புது கலர், 'நர்சிங் அட்மிஷன் நடைபெறுகிறது' என்று எழுதியிருக்கிறது. கீழே இருக்கும் போன் நம்பர் மட்டும் பழைய நம்பர்தான்.