எக்செல் விபிஏ: நல்ல வேலைக்காரன், தப்பு நடந்தால் மட்டும் வாய் திறக்காது

பில், ஸ்டாக், சம்பளப் பட்டியல் என்று நாள் முழுக்க எக்செலிலேயே இருப்பவர்களுக்கு, எக்செலைத் தானாக வேலை செய்யவைக்கும் நிரல்மொழியான விபிஏ இன்றைக்கும் அவசியமான கருவிதான். 1993-இல் எக்செல் 5-உடன் வந்த சமாசாரம், எக்செல் இருந்தால் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், ரெக்கார்ட் மேக்ரோவை (மேக்ரோ என்றால் விபிஏவில் எழுதிய சின்ன நிரல்) அழுத்திவிட்டு ஒருமுறை கையால் செய்து காட்டினால் பாதி கோடிங்கை அதுவே எழுதித் தந்துவிடும். எனக்குள்ள பெரிய குறை ஒன்றுதான்: சில இடங்களில் தப்பு நடந்தால் அது சொல்வதே இல்லை.

முதலில் ஷிஃப்ட் சிக்கல். கன்ட்ரோலோடு தனி எழுத்துகள் பலவும் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டதால், மேக்ரோவுக்கு ஷார்ட்கட் வைக்கும்போது கன்ட்ரோல்-ஷிஃப்ட் என்றுதான் பலரும் வைக்கிறோம். அந்த மேக்ரோவில் இன்னொரு ஃபைலைத் திறக்கச் சொல்லும் வொர்க்புக்ஸ்.ஓப்பன் வரி இருந்தால் ஃபைல் திறக்கும், அத்தோடு மேக்ரோ நின்றுபோகும். எரர் மெசேஜ் எதுவும் வராது. எஃப்8 தட்டி வரி வரியாக ஓட்டிப் பார்த்தால் கடைசிவரை ஒழுங்காக ஓடும், அதனால் கோடிங்கில் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் சிக்காது. ஷிஃப்டைப் பிடித்தபடி ஃபைலைத் திறந்தால் அதில் தானாக ஓடும் மேக்ரோக்களைத் தடுப்பது எக்செலின் பழைய ஏற்பாடு. விரல் இன்னும் ஷிஃப்டில் இருப்பதைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் நம் மேக்ரோவையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. ஷார்ட்கட்டிலிருந்து ஷிஃப்டை எடுத்துவிடுங்கள், இல்லை ஷீட்டிலேயே ஒரு பட்டன் வையுங்கள், அது போதும். ஷிஃப்ட் இருந்தே ஆகவேண்டும் என்றால், ஒரு கீ அழுத்தப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் விண்டோஸின் கெட்அசிங்க்கீஸ்டேட்டைக் கூப்பிட்டு, விரல் எடுக்கும்வரை லூப்பில் காத்திருந்து அப்புறம் ஃபைலைத் திறக்கச் சொல்லலாம். 64 பிட் ஆபீஸ் என்றால் அதை அறிவிக்கும் டிக்ளேர் வரியில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தானது தேதி. 05/04/2024 என்று இருக்கும் சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் செய்து திறந்தால், விண்டோஸில் இந்திய முறை வைத்திருக்கும் வரை அது ஏப்ரல் 5. அதே ஃபைலை மேக்ரோ வழியாகத் திறந்தால் அமெரிக்க முறையில் படித்து மே 4 ஆக்கிவிடும்! 12-ஆம் தேதி வரைதான் இப்படி மாறும், 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் மிச்சத் தேதிகள் தப்பிவிடும், அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படவே படாது. ஓப்பன் வரியின் கடைசியில் லோக்கல்:=ட்ரூ என்று சேர்த்தால் சரியாகிவிடும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை நாமே தேடிக் கண்டுபிடிக்க விட்டிருக்கக் கூடாது.

தசமத்தை முழு எண்ணாக்கும் ரவுண்டும் அப்படித்தான், ஷீட்டில் 2.5-ஐக் கொடுத்தால் 3, விபிஏவில் கொடுத்தால் 2. இது பிழையில்லை, சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போக வேண்டுமென்றே வைத்த விதி, ஆனாலும் பில் போடுபவர்கள் மேக்ரோவில் ஷீட்டின் ரவுண்டைக் கூப்பிடும் வொர்க்‌ஷீட்ஃபங்ஷன்.ரவுண்டையே பயன்படுத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகும் விண்டோஸில் எக்செல் வைத்து அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு நான் விபிஏவைத்தான் சொல்வேன். பிரவுசரில் ஓடும் எக்செலை நம்பி இருப்பவர்களுக்கு இது உதவாது, அங்கே ஃபைல் திறக்கும், மேக்ரோ ஓடாது.