காட்பாடி வீட்டில் ஒரு சின்ன பார்: 4 வருட அனுபவம்

2021 கடைசியில் ஆசாரி ஒருவரிடம் சொல்லி ஹால் மூலையில் ஒரு பார் அலமாரி செய்தேன். பின்னால் கண்ணாடி, மேலே கிளாஸைத் தலைகீழாகத் தொங்கவிட ஒரு சட்டம், கீழே 18 பாட்டில் நிற்கும் தட்டு. இன்று அதில் நிற்பது 5 பாட்டில்தான். ஆனால் வருகிறவர்கள் முன்பைவிடத் திருப்தியாகக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

முதல் தப்பு, அலமாரி வைத்த இடம். மேற்குச் சுவர். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சாயங்காலம் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. விஸ்கி, ரம், ஜின் எல்லாம் நம் ஊரில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால், சூட்டில் சட்டென்று கெடாது. ஒயின் அப்படி இல்லை. கல்யாண நாளுக்கென்று வைத்திருந்த ரெட் ஒயின், மே முடிவதற்குள் கார்க்கை மேலே தள்ளிவிட்டது. திறந்தால் வேகவைத்த பழத்தின் வாசனை. அப்படியே சிங்க்கில் ஊற்றினேன், மனசு வலித்தது. அதற்குப் பிறகு ஒயினைச் சேர்த்து வைப்பதே இல்லை. விருந்து உள்ள வாரம் வாங்குவேன், திறந்ததில் மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாளில் முடித்துவிடுவோம். அலமாரியும் உள் சுவருக்கு மாறிவிட்டது.

அடுத்து ஐஸ். இதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். முதல் விருந்தில் மனைவியின் தம்பி வந்து நின்று எல்லா பாட்டிலையும் பார்த்தான். "மாமா, பாட்டில் எல்லாம் அப்புறம் பாக்கலாம், ஐஸ் இருக்கா?" என்றான். இருந்தது ஒரே ஒரு ட்ரே. அதுவும் மட்டன் பக்கத்தில் மூடாமல் இருந்ததால் கறி வாசனை. எங்கள் தெரு போர் தண்ணீர் வேறு உப்பு. அதில் பிடித்த ஐஸ் கரையக் கரைய கிளாஸ் அடியில் வெள்ளையாகத் தங்கியது. நல்ல விஸ்கியை நாமே கெடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது ஆர்.ஓ. தண்ணீர், மூடி போட்ட ட்ரே, பெரிய கட்டி. சின்னச் சின்னக் கட்டிகளில் தண்ணீரோடு படும் பரப்பு அதிகம் என்பதால் நம் சூட்டில் 5 நிமிஷத்தில் சரக்கு தண்ணியாகிவிடும். பெரிய கட்டி நின்று கரையும். 3 நாள் முன்னாடியே பிடித்துக் கவரில் கட்டிச் சேர்க்கிறேன். 6 பேர் வந்தால் கோடையில் 5 கிலோ சரியாக இருக்கிறது. மின்சாரம் போனாலும் தெர்மாகோல் பெட்டி காப்பாற்றிவிடும். சோடாவையும் முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில்தான் கேஸ் தங்கும், சூடான சோடா ஊற்றும்போதே நுரைத்து அடங்கிவிடும்.

சாமான்களில் தினமும் கையில் இருப்பது 30, 60 மில்லி அளவுள்ள பெக் மெஷர். கண் அளவில் ஊற்றினால் பாசத்தில் கை நீண்டுவிடுகிறது, 2 ரவுண்டிலேயே ஒருவர் தூங்கிவிடுகிறார். மூன்று பாகமாக வரும் ஷேக்கரை வாங்காதீர்கள். ஐஸ் போட்டுக் குலுக்கியதும் மூடி இறுகி, துணி சுற்றித் திருகினாலும் வராது. கிளாஸில் விதவிதம் தேவையில்லை. அடி கனமான குட்டை கிளாஸ் 8, உயரமானது 8. உப்புக் கறைக்கு எலுமிச்சைத் தோலே போதும்.

எலுமிச்சை மட்டும் அன்று காலை நேதாஜி மார்க்கெட்டில் வாங்குவேன். பிழிந்து வைத்த சாறு மறுநாள் கசக்கிறது. சர்க்கரையும் தண்ணீரும் சரி பாதி காய்ச்சிய பாகு, புதினா, இஞ்சி, இவ்வளவுதான்.

குடிக்காதவர்களை ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது எனக்கே வருத்தம். ஒரு கையில் வெறும் தண்ணீர் டம்ளரோடு சித்தப்பா மூலையில் உட்கார்ந்திருப்பார். இப்போது அதே உயரக் கிளாஸ், அதே பெரிய ஐஸ். நன்னாரி 40 மில்லி, அரை மூடி எலுமிச்சை, மேலே கோலி சோடா. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் நன்னாரி வாசனை இன்னும் தூக்கும். போன பொங்கலுக்கு ஜின்னைவிட இதுதான் முதலில் தீர்ந்தது. அக்கா இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினாள்.

வண்டி சாவியை நானே வாங்கி வைத்துக்கொள்வேன். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே சட்டப்படி குற்றம், எங்கள் வீட்டு மாடியிலோ பாய் நிறைய இருக்கிறது.

இந்தக் கத்திரிக்குள் ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கப் போகிறேன். பாட்டில் தட்டைக் கழற்றிவிட்டு அங்கேயே வைக்க அளவு எடுத்தாகிவிட்டது.