கணவரின் ஜி.ஐ. பில்லில் படித்து முடித்தேன்: பணம், பல்கலைக்கழகம், நடுவில் ஒரு மேசை

என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் 12 வருடம் இருந்துவிட்டு 2021 தொடக்கத்தில் வெளியே வந்தார். அந்த ஆகஸ்டிலேயே அவருடைய ஜி.ஐ. பில்லில், அதாவது படையில் இருந்தவர்களுக்கு அமெரிக்க அரசு மாதக் கணக்கில் தரும் படிப்பு உதவியில், டெக்சஸில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அக்கவுன்டிங் சேர்ந்தேன், 2023 டிசம்பரில் முடித்தேன். மிச்சமான மாதங்களில் இப்போது மகள் படிக்கிறாள். தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் யார் வீட்டுப் பையன் படையில் சேர்ந்தாலும் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள், போனில் பாதி சொல்லி பாதி விட்டுப்போகிறது, அதனால் பார்த்ததையும் பட்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் பயன்படுத்தியது 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில், அலுவலகங்களில் சாப்டர் 33 என்பார்கள். படையில் மொத்தம் 36 மாதம் ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழுநேரப் பணி, செய்திருந்தால் 100 சதவீதம், அதற்குக் குறைந்தால் படிப்படியாக இறங்கி, 90 நாள் செய்தவருக்கு 50 சதவீதம். 100 சதவீதம் என்றால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்மாநில மாணவருக்கான கட்டணம் முழுவதையும் வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) நேராகக் கல்லூரிக்கே கட்டிவிடும். புத்தகத்துக்கு வருடம் 1,000 டாலர் வரை நம் கணக்குக்கு வரும். அப்புறம் வீட்டு வாடகைக்கு என்று மாதாமாதம் ஒரு தொகை. குடும்பத்தோடு இருக்கும் ஈ-5 என்ற படிநிலை சார்ஜென்டுக்கு, கல்லூரி இருக்கும் ஜிப் கோடில் ராணுவம் என்ன வாடகைப்படி தருமோ அதே அளவு. முப்பத்தைந்து வயதுக்கு மேல், பள்ளிக்கூடம் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு, கடன் ஒரு டாலர் இல்லாமல் ஒரு டிகிரி வாங்கினேன் என்றால் இந்த மாதத் தொகைதான் காரணம். கட்டணம் மட்டும் கட்டியிருந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே எட்டு வருடம் இழுத்திருப்பேன்.

ஆனால் அந்தத் தொகை வகுப்பு நடக்கும் நாட்களுக்கு மட்டும்தான். ஆகஸ்ட் 23ல் செமஸ்டர் தொடங்கினால் அந்த மாதத்துக்கு மிச்ச நாட்களுக்குத்தான் வரும், அதுவும் அடுத்த மாதத் தொடக்கத்தில். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஒன்றும் கிடையாது, நாம் கட்டும் வாடகை மட்டும் நிற்குமா என்ன! முதல் வருடம் இது தெரியாமல் திணறினோம். இன்னொன்று, எல்லாப் பாடத்தையும் ஆன்லைனில் எடுத்தால் நாட்டின் சராசரியில் பாதிதான் தருவார்கள். ஒரே ஒரு பாடமாவது வளாகத்தில் போய் உட்கார்ந்து படித்தால் முழுத் தொகைக்கான விகிதம் கிடைக்கும். நான் ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு நேர் வகுப்பைக் கட்டாயம் போட்டுக்கொண்டேன்.

இதெல்லாம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் 2015ல் என் கணவரின் சார்ஜென்ட் விடாமல் நச்சரித்ததுதான். மனைவிக்கோ பிள்ளைக்கோ இந்தப் பலனை மாற்றிக் கொடுப்பதை சீருடையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறு வருட சர்வீஸ் முடித்திருக்க வேண்டும், இன்னும் நான்கு வருடம் இருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வந்தபிறகு யாரிடம் கெஞ்சினாலும் நடக்காது. அந்த சார்ஜென்ட் சொன்ன இன்னொரு விஷயம் தங்கம் மாதிரி: "யாருக்கு எத்தனை என்று இப்போது தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆளுக்கு ஒரு மாதமாவது போட்டு வை." மாதங்களை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுவதை வெளியே வந்தபிறகும் செய்யலாம், புதிதாக ஒரு பெயரைச் சேர்க்கத்தான் முடியாது. என் கணவர் தன்னிடம் இருந்த 36 மாதத்தில் எனக்கு 35, மகளுக்கு 1 என்று போட்டார். நான் 21 மாதத்தில் முடித்ததும் மிச்சம் 14ஐ அவள் பக்கம் தள்ளினோம், ஆக அவளுக்கு 15. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்தவன் பெயரை மட்டும் போட்டுவிட்டு இளையவனை விட்டுவிட்டார்கள். மூத்தவனுக்கு முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தது, அவன் மாதங்கள் அப்படியே கிடக்கின்றன, தம்பிக்குக் கொடுக்க வழியில்லை. அந்த அம்மா அழுததை நான் பார்த்தேன்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். வி.ஏ. தருவது எல்லா இடத்திலும் ஒரே சட்டம், ஒரே பணம். அது சரியாக நம் கைக்கு வந்து சேருமா என்பது கல்லூரியில் ஸ்கூல் சர்டிஃபையிங் அஃபிஷியல் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர் கையில் இருக்கிறது. நாம் என்ன பாடம், எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவு) எடுத்திருக்கிறோம் என்று அவர் வி.ஏ.வுக்கு அனுப்பினால்தான் எதுவும் நகரும். ரேங்கிங், கட்டடம், நீச்சல்குளம் எல்லாம் பார்க்கிறோம், இந்த ஒரு ஆளைப் போய்ப் பார்ப்பதில்லை.

நான் மூன்று இடம் பார்த்தேன். முதலாவது லாபத்துக்கு நடக்கும் ஒரு ஆன்லைன் கல்லூரி. வெப்சைட்டில் ஒரு முறை நம்பர் கொடுத்ததற்கு ஒரே வாரத்தில் பதினோரு தடவை கூப்பிட்டார்கள். ஏன் இப்படித் துரத்துகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த மாதிரிக் கல்லூரிகள் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவியிலிருந்து வாங்கக்கூடாது என்று விதி இருந்தது, ஆனால் ஜி.ஐ. பில் பணம் அப்போது அந்தக் கணக்கில் சேராது, மிச்சம் 10 சதவீதத்தின் பக்கம் போய் நிற்கும். ஆகவே படைவீரர் குடும்பம் ஒன்று கிடைத்தால் அவர்களுக்கு இரட்டை லாபம். 2021ல் சட்டத்தைத் திருத்தி, 2023லிருந்து அந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அதிகமாகப் போன் அடிக்கும் கல்லூரியிடம் இன்றும் ஜாக்கிரதையாக இருங்கள். வி.ஏ. இணையதளத்தில் கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது, மாணவர்கள் கொடுத்த புகார்களும் அதில் தெரியும்.

இரண்டாவது இடத்தில் வெட்டரன்ஸ் ஆபீஸ் என்று போர்டு இருந்தது, கதவு பூட்டியிருந்தது. மூன்று மெயிலுக்குப் பதில் இல்லை. மூன்றாவது இடத்தில் அந்த மேசையில் இருந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, அவரும் கடற்படையில் இருந்தவர், வி.ஏ. தந்த என் தகுதிச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது "டிகிரி பிளான் எங்கே?" என்றுதான், டிகிரிக்கு என்னென்ன பாடம் தேவை என்ற பட்டியலைத்தான் அப்படிச் சொன்னார். அங்கேயே சேர்ந்தேன்.

சேர்ந்த உடனே எல்லாம் சுகமாகப் போகவில்லை. முதல் செமஸ்டரில் வி.ஏ. பணம் வரத் தாமதமானதும் அதே பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவு என் பெயரை எல்லா வகுப்பிலிருந்தும் தூக்கிவிட்டது. காலையில் லாகின் செய்தால் அட்டவணை காலி. நெஞ்சு பதறிப்போய் அந்த அம்மாவிடம் ஓடினேன். வி.ஏ. பணம் தாமதமானால் மாணவர் மேல் அபராதம் போடக்கூடாது, வகுப்பையோ நூலகத்தையோ மறுக்கக்கூடாது, 90 நாள் வரை பொறுக்க வேண்டும் என்று 2018லேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என்னோடு கட்டணப் பிரிவுக்கு நடந்தே வந்தார். மதியத்துக்குள் வகுப்புகள் திரும்பி வந்தன. கட்டணப் பிரிவில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அடுத்த செமஸ்டரிலும் அதே எச்சரிக்கை மெயில் வந்தது. ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டு அலுவலகங்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

இரண்டாவது செமஸ்டரில் ஆசைப்பட்டு ஒரு மட்பாண்ட வகுப்பு எடுத்தேன். டிகிரிக்குத் தேவையில்லாத பாடத்துக்கு வி.ஏ. பணம் தராது. 12 கிரெடிட்டில் அது 3, ஆக 9தான் கணக்கு, வாடகைத் தொகையும் 80 சதவீதமாக இறங்கியிருக்கும். பாடம் மாற்றும் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த அம்மாவே போன் செய்து சொன்னார், வணிகச் சட்டத்துக்கு மாறினேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர் சொல்லியிருப்பாரா?

மூன்றாவது செமஸ்டரில் எனக்கு ஆபரேஷன் ஆனதால் ஒரு பாடத்தை நடுவில் விட்டேன். கெடு தாண்டி விட்டால் செமஸ்டரின் முதல் நாளிலிருந்து கொடுத்த பணத்தை வி.ஏ. திருப்பிக் கேட்கலாம். முதல் தடவை மட்டும் 6 கிரெடிட் வரை காரணம் கேட்காமல், விட்ட நாள் வரைக்கும் உள்ளதை மன்னிப்பார்கள். அது வாழ்நாளில் ஒரு தடவைதான், லேசாகச் செலவழித்துவிடாதீர்கள். அப்புறம் மாதக் கடைசியில் "இன்னும் படிக்கிறீர்களா" என்று போனுக்கு ஒரு மெசேஜ் வரும், ஆமாம் என்று பதில் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் வாடகைத் தொகை நிற்கும்.

தனியார் பல்கலைக்கழகம் போக நினைப்பவர்களுக்கு: அங்கே வி.ஏ. கட்டும் கட்டணத்துக்கு ஒரு வருட உச்சவரம்பு உண்டு, 2024-25ல் அது கிட்டத்தட்ட 29,000 டாலர். அதற்கு மேல் வருவதை யெல்லோ ரிப்பன் திட்டத்தில் கல்லூரி கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வி.ஏ. அதே அளவு போடும். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். கணவர் அல்லது மனைவி நிரந்தர முழு ஊனம் என்று வி.ஏ. முடிவு செய்திருந்தால் குடும்பத்துக்கு சாப்டர் 35 தனியாக இருக்கிறது, அது மாணவர் கைக்கே மாதம் 1,500 டாலர் அளவில் வரும், ஆனால் கல்லூரிக் கட்டணத்தைத் தனியாகக் கட்டாது.

மகள் முதல் இரண்டு வருடத்தை கம்யூனிட்டி காலேஜில் எங்கள் கைக்காசில் முடித்தாள். கட்டணம் குறைவு, 15 மாதத்தை அங்கே கரைக்க மனமில்லை. இப்போது நான் படித்த அதே பல்கலைக்கழகம். அந்த மாதங்கள் தீர்ந்ததும் டெக்சஸின் ஹேசல்வுட் சட்டம் கைகொடுக்கும், என் கணவர் ஹூஸ்டனிலிருந்து படையில் சேர்ந்தவர் என்பதால் 150 கிரெடிட் வரை கட்டண விலக்கை அவள் பெயருக்கு எழுதிக்கொடுக்கலாம். அதற்கான படிவத்தைப் போன வாரம் வாங்கப் போனாள். அதே மேசையில் அதே அம்மாதான் இருந்தாராம், பெயரைப் பார்த்ததும் என்னை விசாரித்துவிட்டு, "டிகிரி பிளான் எங்கே?" என்று கேட்டாராம்.