9,800 ரூபாய் போச்சு: 'பொம்மை வார்னிஷ்' வாங்குகிறவர்கள் உஷார்

மரச் செப்பு, கிலுகிலுப்பை செய்து நவராத்திரி ஸ்டால்களில் விற்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. "தண்ணீரில் கரையும் வார்னிஷ், குழந்தை வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது" என்று விளம்பரம். குடம், உரல் மாதிரி கடைசல் எந்திரத்தில் சுற்றுகிற உருப்படிக்கு அரக்கே போதும், தேய்க்கிற சூட்டில் உருகி ஏறிவிடும். அம்மி, அடுப்பு, அலமாரிக்கு அது முடியாது, பிரஷ்ஷால்தான் பூச வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன்.

போனில் ஒரே அக்கா, அக்காதான். "அக்கா, இதோட டெஸ்ட் சர்டிபிகேட் தர்றோம். ஸ்டால்ல மாட்டி வைங்க, ஐ.எஸ்.ஐ. யாரும் கேட்க மாட்டாங்க." படமும் வந்தது. நீல முத்திரை, கீழே ஐ.எஸ். 9873 என்று பொம்மைப் பாதுகாப்புத் தர எண். அந்த எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? நாலு லிட்டர் கிளியர், சிவப்பு, மஞ்சள், கூரியர் எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் அனுப்பினேன்.

மூடியைத் திறந்ததும் தின்னர் நெடி. தண்ணீரில் கரைகிற சாமானுக்கு இந்த நெடி எதற்கு? லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு லேபிள்: கதவு, ஜன்னலுக்கு அடிக்கிற வார்னிஷ்! பூசி நன்றாகக் காயவிட்ட பிறகும் விரல் ஒட்டியது. ஈரத் துணியால் துடைத்தால் அம்மியின் சிவப்பு அத்தனையும் துணியில்.

சர்டிபிகேட்டை ஸ்டால்களை ஏற்பாடு செய்கிறவர் பார்த்த வேகத்தில் திருப்பிக் கொடுத்தார். "இது பெயிண்ட்டுக்கும்மா. உங்க பொம்மைக்கு எங்கே?" அவர் கேட்டது நியாயம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பெயிண்ட் விற்கிறவன் தரும் தாளுக்கு அதில் வேலையே இல்லை.

திரும்பக் கூப்பிட்டால் அக்கா போய் 'மேடம்' ஆகிவிட்டேன். "ஈரக் காத்து மேடம், வெயில்ல வைங்க." அப்புறம், "திறந்த டின்னை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்." திறக்காமல் எப்படித் தெரியும்? லேபிளுக்கு அடியில் இருந்த லேபிளைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். 9,800 ரூபாய்!

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டின்னில் ஈயம் 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். வீட்டு பெயிண்ட்டுக்கு 2017 நவம்பர் முதல் அதுதான் சட்டம். இருந்தாலும் ஒரு துண்டு மரத்தில் பூசி, காய்ந்ததும் ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் இறங்காவிட்டால் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை, அதுவும் ஞாபகம் இருக்கட்டும். ஆணையரிடம் பதிவு செய்து வாங்குகிற கைவினைஞர் அட்டைக்குக் கட்டணம் கிடையாது, வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்டால் ஓடிவிடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். நான் புகார் பதிந்துவிட்டேன்.

அந்தக் கடை இப்போது 'கொலு சலுகை' என்று மறுபடி விளம்பரம் ஓட்டிக்கொண்டிருக்கிறது.