எடைப்பதிவுச் செயலியில் தரவுத்தள அழைப்புகள்: எக்ஸிகியூட்டர், ஆர்எக்ஸ்ஜாவா, கோரூட்டீன்

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகள் தோட்டத்தில் பறித்த பசுந்தேயிலையை அருகிலுள்ள சேகரிப்பு மையத்தில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கிருந்து அது வண்டியேறித் தொழிற்சாலைக்குப் போகிறது. அந்த எடையைக் குறிப்பேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் கைபேசியிலும் பதிய ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுத முனைபவர், மஞ்சூரைத் தாண்டிய குந்தாப் பள்ளங்களிலும் கோத்தகிரிச் சரிவுகளிலும் சிக்னல் நிலையாக இருக்கும் என்று நம்பி எதையும் கட்ட முடியாது. ஆகவே உறுப்பினர் எண், எடை, மழைநாளில் ஈரத்துக்காகப் பிடிக்கும் கழிவு ஆகிய அனைத்தும் முதலில் கைபேசியிலேயே உள்ள எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் விழ வேண்டும். இணையம் கிடைக்கும்போது பின்னர் மேலே, அதாவது சர்வருக்கு, அனுப்பிக்கொள்ளலாம். தராசுக்கு முன்னால் மூட்டையோடு வரிசை நிற்கையில் திரை உறைந்துவிடக் கூடாது, பதிந்த எடை ஒன்றும் காணாமல் போகவும் கூடாது. இந்த இரண்டு தேவைகளையும் வைத்துத்தான் தரவுத்தள அழைப்புகளைப் பின்னணியில் நடத்தும் முறைகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

ஆண்ட்ராய்டில் திரையை வரைவதும் தொடுதலைக் கவனிப்பதும் முதன்மை த்ரெட் என்ற ஒரே த்ரெட்டின் (நிரலின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தடத்தின்) வேலை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒருமுறை வரைவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடிதான். தொடுதலுக்கு 5 நொடிகளாகப் பதில் இல்லாவிட்டால், செயலி இயங்கவில்லை என்ற அறிவிப்பை இயங்குதளம் காட்டிவிடும். மாதக் கணக்கைக் கூட்டும் ஒரு வினவல், விலை குறைந்த கைபேசியில் அந்த 16 மில்லிநொடியை எளிதில் தின்றுவிடுகிறது. இதனால்தான் எஸ்க்யூலைட்டை எளிதாகக் கையாள 2017-இல் கூகுள் வெளியிட்ட ரூம் நூலகம், வெளிப்படையாக அனுமதி கொடுத்தாலொழிய, முதன்மை த்ரெட்டிலிருந்து வரும் அழைப்பைப் பிழை எறிந்து மறுத்துவிடுகிறது. சோதனைக்கென்று அந்த அனுமதியைக் கொடுத்துவிட்டு அப்படியே வெளியிடும் வழக்கம் இருக்கிறது. அதை ஒரு தெரிவாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. பின்னணி வேலைக்கென்று 2009-இல் வந்த அசிங்க்டாஸ்க்கும் 2020-இல் ஆண்ட்ராய்டு 11-உடன் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், புதிய செயலிக்கு அது பொருந்தாது. எஞ்சுவன மூன்று: வேலைகளை வாங்கிப் பின்னணித் த்ரெட்டில் ஓட்டும் எக்ஸிகியூட்டரில் வேலையைப் போட்டு முடிவைக் கால்பேக் (வேலை முடிந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு) வழியாகப் பெறுவது, படிகளைச் சங்கிலியாகக் கோக்கும் ஆர்எக்ஸ்ஜாவா நூலகம், இடையில் நின்று பின் தொடரக்கூடிய, கோட்லின் மொழியின் கோரூட்டீன்.

படிக்கும் பக்கத்தில் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. அட்டவணை மாறும்போது திரை தானாக மாற வேண்டும் என்ற தேவைக்கு ரூம், மாறும் விடையைத் தொடர்ந்து தரும் வகைகளான லைவ்டேட்டாவையோ ஆர்எக்ஸ்ஜாவாவின் ஃப்ளோவபிளையோ 2019 முதல் கோரூட்டீனின் ஃப்ளோவையோ திருப்பித் தருகிறது. மூன்றுக்கும் அடியில் இயங்கும் பொறி ஒன்றே. அந்தப் பொறி அட்டவணை அளவில்தான் மாற்றத்தை அறிகிறது, அட்டவணையின் தனித்தனிப் பதிவு அளவில் அன்று. ஓர் உறுப்பினரின் மாதக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும்போது வேறொருவரின் எடை பதிவானாலும் அதே வினவல் மீண்டும் ஓடும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையைத் தனி அட்டவணையில் வைத்து இணைத்துக் கணக்கிட்டால், அந்த அட்டவணையில் நடக்கும் மாற்றமும் அதே விளைவைத் தரும். ஒரே விடை மறுபடி வந்தால் தடுத்து நிறுத்தும் வடிகட்டி ஃப்ளோவிலும் ஆர்எக்ஸ்ஜாவாவிலும் உண்டு. ஆனால் அது திரை மீண்டும் வரையப்படுவதைத் தடுக்குமே தவிர வினவல் ஓடுவதைத் தடுக்காது. உறுப்பினர் எண்ணையும் தேதியையும் சேர்த்து தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸ் போடுவது, எந்த நூலகத்தைத் தேர்ந்தாலும் தவிர்க்கக் கூடாத வேலை.

எழுதும் பக்கத்தில்தான் இந்த முறைகள் உண்மையாகவே பிரிகின்றன. பெரும்பாலான ஒப்பீடுகள் எந்த நிரல் சுருக்கமாக இருக்கிறது, எது படிக்க எளிது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் எடைப்பதிவைப் போன்ற செயலியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. பதிவு பாதியில் இருக்கும்போது அதைத் தொடங்கிய திரை மூடப்பட்டால், அந்தப் பதிவு என்ன ஆகும்?

எக்ஸிகியூட்டர் முறை இந்தக் கேள்விக்கு, பலரும் எதிர்பாராத வகையில், நல்ல விடை தருகிறது. ஒற்றை த்ரெட் கொண்ட எக்ஸிகியூட்டரைச் செயலி முழுவதற்கும் ஒன்றாக வைத்து அதில் வேலையைப் போட்டால், திரை மூடப்பட்டாலும் செயலியின் இயக்கம் உயிரோடு இருக்கும்வரை வேலை முடிந்தே தீரும். போட்ட வரிசையிலேயே முடியவும் செய்யும். முதலில் 28 கிலோ என்று பதிந்து, உடனே 26 என்று திருத்தினால், திருத்தம் ஒருபோதும் முதற்பதிவை முந்தாது. இந்த முறையின் துன்பம் பதிவில் இல்லை, திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. கால்பேக் மூடப்பட்ட திரையைப் பிடித்து வைத்துக்கொண்டு நினைவகத்தைக் கசியவிடும். உறுப்பினரைத் தேடி, அவர் முன்பணத்தைப் பார்த்து, எடையைப் பதிந்து, ரசீது எண்ணைப் பெறுவது என்று நான்கு படிகள் சேர்ந்தால் கால்பேக்குக்குள் கால்பேக்காக அடுக்கு வளர்ந்து, எந்தப் படியின் பிழை எங்கே கையாளப்படுகிறது என்பதே மறைந்துவிடும். ஓரிரண்டு அட்டவணை மட்டும் கொண்ட, ஜாவாவில் எழுதிய சிறு செயலிக்கு இதுவே போதுமானது என்று தயங்காமல் சொல்வேன்.

அந்த அடுக்கை நேராக்கிய பெருமை ஆர்எக்ஸ்ஜாவாவுக்கு உரியது. நெட்ஃபிளிக்ஸில் பிறந்து, 2014-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட இந்த நூலகத்தில் மேற்கண்ட நான்கு படிகளும் ஒரு சங்கிலியாகின்றன. எந்தப் படியில் பிழை நேர்ந்தாலும் அது கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. தராசிலிருந்து புளூடூத் வழியே நொடிக்குப் பலமுறை எடை வந்துகொண்டிருந்தால், அது நிலைத்த பிறகு மட்டும் எடுத்துக்கொள்வது போன்ற வேலைகளுக்கு இதன் ஆபரேட்டர்களின் வளம் இன்றும் மெச்சத்தக்கது. ஆனால் எழுதும் பக்கத்தில் இதில் சிக்கிக்கொள்ள இரண்டு கண்ணிகள் உண்டு. ரூமிடம் பதிவைக் கம்ப்ளீட்டபிளாக (முடிந்ததை மட்டும் அறிவிக்கும் வகையாக) கேட்டால், அதற்குச் சந்தா கொடுக்கும்வரை, அதாவது அதை ஓடவைக்கும் சப்ஸ்கிரைப் அழைப்பை எழுதும்வரை, எதுவுமே நடப்பதில்லை. சந்தா வரியை மறந்துவிட்டால் கம்பைலர் தடுக்காது, செயலியும் உடையாது, எடை மட்டும் பதிவாகாது. நிரலை ஆராயும் லின்ட் சோதனை எச்சரிக்கும் என்றாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான். இரண்டாவது, பிழை கையாளும் பகுதி இல்லாமல் சந்தா கொடுத்தால், பிழை வரும் நாளில் செயலியே வீழ்ந்துவிடும். தேடிய உறுப்பினர் இல்லாதபோது சிங்கிள் வகை அதைப் பிழையாக எறிகிறது, மேபி வகையோ அமைதியாக முடிகிறது. இந்த நுணுக்கம் தெரியாதவர் தவறான உறுப்பினர் எண் ஒன்றைத் தட்டியதும் செயலியை இழப்பார்.

கோரூட்டீன் 2018-இல் கோட்லின் 1.3-உடன் நிலைபெற்றது, 2019-இல் ரூம் 2.1 சஸ்பெண்ட் செயற்கூறுகளை (இடையில் நின்று தொடரக்கூடியவற்றை) ஏற்றுக்கொண்டது. இதில் நான்கு படிகளும் மேலிருந்து கீழாக நான்கு வரிகள்; பிழைக்கு வழக்கமான ட்ரை, கேட்ச் போதும். சஸ்பெண்ட் செயற்கூறை வேறொரு சஸ்பெண்ட் செயற்கூறிலிருந்தோ கோரூட்டீனுக்குள்ளிருந்தோதான் அழைக்க முடியும் என்பதால், சந்தா மறந்துபோவதற்கு இணையான தவறைக் கம்பைலரே மறுத்துவிடுகிறது. பதிவு இழக்கப்படாமல் இருக்க வேண்டிய செயலிக்கு, நிரலின் சுருக்கத்தைவிட இந்த மறுப்பே எனக்குப் பெரிய ஆதாயமாகப் படுகிறது. ரூமின் சஸ்பெண்ட் செயற்கூறு தன் சொந்த எக்ஸிகியூட்டரில் தானே ஓடிக்கொள்ளும். அதைச் சுற்றி மீண்டும் ஐஓ டிஸ்பாட்சருக்கு (கோரூட்டீனைப் பின்னணித் த்ரெட்டுகளில் ஓட்டும் பகுதிக்கு) மாறுவது தேவையற்றது.

ஆயினும் முதற்கேள்விக்குக் கோரூட்டீன் இயல்பாகத் தரும் விடை நமக்கு உவப்பானதன்று. பாடங்கள் எல்லாம் காட்டும் வழக்கப்படி வியூமாடல் ஸ்கோப்பில் (திரையின் தரவை வைத்திருக்கும் வியூமாடலின் ஆயுளோடு முடியும் எல்லையில்) பதிவைத் தொடங்கினால், பயனர் பின்செல்லும் பொத்தானை அழுத்தி வியூமாடல் அழியும்போது கோரூட்டீனும் ரத்தாகும். இன்னும் தொடங்காத படி தொடங்காமலே போகும். எடை ஓர் அட்டவணையிலும் உறுப்பினரின் மாத இருப்பு மற்றோர் அட்டவணையிலும் மாற வேண்டியிருக்க, இரண்டுக்கும் இடையே ரத்து விழுந்தால், எடை ஏறி இருப்பு ஏறாத கணக்கு ஒன்று மிஞ்சும். இரண்டையும் ரூமின் வித்டிரான்ஸாக்‌ஷன் தொகுதிக்குள் வைத்தால் பாதிக்கணக்கு நேராது. ரத்தானால் பரிவர்த்தனை முழுவதும் பின்வாங்கிவிடும். ஆனால் அப்படிப் பின்வாங்கியது, அடுத்தவருக்கு எடை போடும் விரைவில் திரையை மூடியவர் பதிந்த உண்மையான எடை. சரியான வழி, செயலி முழுவதற்குமான ஸ்கோப் ஒன்றைச் சூப்பர்வைசர் ஜாபுடன் உருவாக்கி, எழுதும் வேலைகளை அதில் தொடங்குவது. ஒரு பதிவின் தோல்வி மற்றவற்றை ரத்து செய்யாமல் இருக்கவே அந்தச் சூப்பர்வைசர். படிக்கும் ஃப்ளோக்களுக்கு வியூமாடல் ஸ்கோப்பே உரியது, ஏனெனில் பார்ப்பவர் இல்லாத திரைக்காக வினவல் ஓடுவது மின்கலத்துக்கு வீண் செலவு. ஆர்எக்ஸ்ஜாவாவிலும் எல்லாச் சந்தாக்களையும் ஒரே தொகுப்பில் போட்டு வியூமாடல் அழியும்போது காலி செய்தால் இதே இழப்பு நேரும் என்பதால், இது கோரூட்டீனுக்கு மட்டும் உரிய குறை அன்று.

பரிவர்த்தனையைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்ட்ராய்டில் எஸ்க்யூலைட் பரிவர்த்தனை அதைத் தொடங்கிய த்ரெட்டோடு கட்டுண்டது. கோரூட்டீனோ இடைநிற்கும் ஒவ்வொரு புள்ளியிலும் த்ரெட் மாறக்கூடியது. எனவே பழைய பழக்கத்தில் பரிவர்த்தனையைக் கையால் திறந்து, உள்ளே சஸ்பெண்ட் செயற்கூறுகளை அழைத்து, கையால் மூடுவது ஆபத்தானது. வித்டிரான்ஸாக்‌ஷன், அந்தத் தொகுதி முடியும்வரை ஒரு த்ரெட்டைப் பிடித்துவைத்து இந்த முரணைத் தீர்க்கிறது. அதே காரணத்தால் அதற்குள் இணைய அழைப்பையோ வேறு டிஸ்பாட்சருக்கு மாறும் வேலையையோ வைக்கக் கூடாது. எஸ்க்யூலைட்டில் ஒரே சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும், 2010-இல் வந்த வால் (WAL) முறை, எழுதுபவர் ஒருவர் இருக்கும்போதே மற்றவர்கள் படிக்க வழி செய்ததே தவிர, இரண்டு எழுத்தர்களை அனுமதிக்கவில்லை. சிக்னல் இல்லாத பள்ளத்தில் விடை வராத இணைய அழைப்பு ஒன்று பரிவர்த்தனைக்குள் காத்திருந்தால், அதன் பின்னால் எல்லா எடைப்பதிவுகளும் காத்திருக்கும்.

வரிசையில் எக்ஸிகியூட்டர் இயல்பாகத் தந்த உறுதியைக் கோரூட்டீனில் கேட்டுப் பெற வேண்டும். ஐஓ டிஸ்பாட்சரில் அடுத்தடுத்துத் தொடங்கிய இரண்டு கோரூட்டீன்கள் அதே வரிசையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பதிவுகளை ஒரு சேனலில் (கோரூட்டீன்களுக்கு இடையிலான வரிசையில்) போட்டு, ஒரே கோரூட்டீன் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து எழுதுவது இதற்கு நான் விரும்பும் தீர்வு. ரசீதை அச்சிடுவதும் அந்த எழுத்து முடிந்த பிறகே நடக்க வேண்டும். திரையில் பொத்தானை அழுத்திய கணத்தில் அன்று. மையத்தில் நிற்கும் விவசாயிக்குக் கையிலிருக்கும் ரசீதுதான் சான்று. தரவுத்தளத்தில் இல்லாத எடைக்கு ரசீது கொடுக்கும் செயலி, மாத இறுதியில் இலை வாங்கும் ஏஜென்டுக்கும் அவருக்கும் இடையே சண்டை மூட்டிவிடும்.

ஆகவே கோட்லினில் புதிதாகத் தொடங்குபவர், எழுதச் சஸ்பெண்ட் செயற்கூறுகளையும் படிக்க ஃப்ளோவையும் எடுத்துக்கொள்வது நல்லது. மேலே அனுப்பும் வேலையைக் கோரூட்டீன் ஸ்கோப்பில் விடாமல், பின்னணி வேலைகளுக்கான ஆண்ட்ராய்டு நூலகமான ஒர்க்மேனேஜரிடம் ஒப்படைக்க வேண்டும், ஏனெனில் செயலியின் இயக்கமே கொல்லப்பட்டாலும் அது பிழைத்திருக்கும். ஆர்எக்ஸ்ஜாவாவில் ஏற்கெனவே நன்றாக ஓடும் செயலியை, நாகரிகம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றி எழுதப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் இடையே பாலமாகும் நூலகம் இருப்பதால், புதிய திரைகளை மட்டும் கோரூட்டீனில் எழுதிச் சேர்க்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், வெளியிடுமுன் ஒரு சோதனை அவசியம். பதிவுச் செயற்கூறின் இரண்டு படிகளுக்கும் நடுவே வேண்டுமென்றே சில நொடித் தாமதம் சேர்த்து, எடையைச் சேமிக்கும் பொத்தானை அழுத்திய உடனே பின்செல்லும் பொத்தானையும் அழுத்த வேண்டும். பிறகு செயலியை மீண்டும் திறந்து, எடை அட்டவணையும் இருப்பு அட்டவணையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதே சோதனையை, டெவலப்பர் அமைப்புகளில் செயல்பாடுகளைத் தக்கவைக்க வேண்டாம் (Don't keep activities) என்ற தெரிவை இயக்கி, முகப்புப் பொத்தானோடு இன்னொரு முறை செய்ய வேண்டும்.